மைசூர் ஜாவாவின் இடக்கால்

மோட்டார் சைக்கிளை ஓட்டுபவரின் உடல் ஐந்து இடங்களில் அந்த வண்டியைத் தொடுகிறது: இரண்டு உள்ளங்கைகள், இரண்டு பாதங்கள், இருக்கையில் பதியும் இடுப்பு. கைப்பிடியின் அகலத்தைப் பற்றியும் இருக்கையின் மென்மையைப் பற்றியும் தயாரிப்பாளர்களும் வாங்குபவர்களும் ஓயாமல் பேசுகிறார்கள். பாதங்களைப் பற்றிய பேச்சோ, வண்டி நிற்கும்போது கால் தரையில் எட்டுமா என்ற ஒரே கேள்வியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உயரம் குறைந்தவர் விழுவாரா நிற்பாரா என்பதை அந்தக் கேள்வியே தீர்மானிப்பதால் அதற்குக் கிடைத்திருக்கும் கவனம் நியாயமானதுதான். ஆனால் ஆறடியைத் தாண்டிய ஒருவருக்கு நின்றிருக்கும் வண்டி எந்தத் தொல்லையும் தருவதில்லை. அவருடைய தொல்லை வண்டி ஓடத் தொடங்கி, பாதங்கள் தரையை விட்டு மேலேறி, கியர் லீவரையும் பின் பிரேக்கின் மிதியையும் தேடும்போது பிறந்து, ஐம்பது அறுபது கிலோமீட்டர் கடந்த பின்னர் முழங்காலிலும் கணுக்காலிலும் வலியாக வெளிப்படுகிறது. மெல்ல வரும் வலி என்பதாலேயே அது வடிவமைப்பின் குறையாக எண்ணப்படாமல், உயரமாகப் பிறந்தவரின் சொந்தப் பாடாக விடப்பட்டிருக்கிறது.

இதை ஆராய்வதற்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அரிது. 1960இல் இரானி குடும்பத்தாரால் நிறுவப்பட்ட ஐடியல் ஜாவா நிறுவனம், மைசூரின் யாதவகிரிப் பகுதியில் தொழிற்சாலை அமைத்து, செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டிகளை உரிமம் பெற்று உருவாக்கியது. அன்றைய மைசூர் மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஜயசாமராஜ உடையார் அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். முதலில் ஜாவா என்ற பெயரிலும், 1973 முதல் எஸ்டி என்ற பெயரிலும், 1996இல் தொழிற்சாலை மூடப்படும் வரையில் இங்கிருந்து வெளிவந்த 250 சி.சி. இரு வீச்சு வண்டிகள், ஒற்றை உருளைக்கு இரண்டு சைலன்சர்கள் கொண்டவையாக, தென்னிந்தியச் சாலைகளில் தொலைவிலிருந்தே ஓசையால் அடையாளம் காணப்பட்டன. அந்த ஓசையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது அந்த வண்டியின் இடப்புறத்தில், எஞ்சினின் உருண்ட உறையை ஒட்டி நிற்கும் ஒரே ஒரு லீவர்.

மற்ற வண்டிகளில் கியர் மாற்ற ஒரு லீவரும், உதைத்து எஞ்சினை எழுப்ப மற்றொரு லீவரும் இருக்க, ஜாவாவில் இரண்டு வேலைகளையும் ஒன்றே செய்தது. முன்னோக்கி நிற்கும் நிலையில் அது கியர் லீவர். எஞ்சினை நோக்கி உள்ளே அழுத்தி, மேல்நோக்கித் திருப்பினால் அதுவே கிக்கர். இவற்றோடு மூன்றாவதாக ஒரு வேலையும் அதற்கு இருந்தது. கியர் மாற்றும்போது எஞ்சினின் விசையைச் சக்கரத்திலிருந்து சற்று நேரம் பிரித்துவைக்கும் அமைப்பே கிளட்ச். ஜாவாவில் பாதம் லீவரை அசைக்கத் தொடங்கியதும், அந்த அசைவின் முதற்பகுதியே உள்ளிருக்கும் கிளட்சைத் தள்ளித் திறந்துவிட, மீதி அசைவு பற்சக்கரங்களை மாற்றும். கைப்பிடியில் கிளட்ச் நெம்பு இருந்தபோதிலும், ஓட்டத்தில் அதைத் தொடாமலே கியர் மாற்ற முடிந்தது இதனால்தான். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் மறைவாக வரையப்பட்டு, 1946இல் பாரிஸ் கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்ட பேராக் என்ற ஜாவா வண்டியிலேயே, லீவரின் அசைவே கிளட்சைத் திறக்கும் இந்த ஏற்பாடு இருந்தது. மைசூருக்கு வந்தது அதன் வழித்தோன்றல். உதிரிப்பாகங்களைக் குறைத்து, வேலைகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துவைத்த அந்தப் பொறியியல் உண்மையிலேயே வியப்புக்குரியது.

ஆயினும் ஒரு லீவரிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கும்போது, அதை ஓட்டுபவரின் காலுக்கேற்ப நகர்த்தும் சுதந்திரம் குறைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதை விளங்கிக்கொள்ள, நெடிய உடல் ஒரு வண்டியில் எப்படி மடிகிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது. இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்ட் எனப்படும் கால்தாங்கிக்கும் இடையிலான தொலைவு எல்லாருக்கும் ஒன்றே. தொடையும் கணைக்காலும் நீளமாக இருந்தால் அந்த மிகுதி நீளம் போக வேறு வழியின்றி முழங்கால் மேலும் முன்னும் தள்ளப்பட்டு, கூர்மையான கோணத்தில் மடிகிறது. முழங்கால் எவ்வளவு மடிகிறதோ அவ்வளவுக்கு முழங்காற்சில்லு தொடையெலும்பின் மீது அழுந்துகிறது. நடக்கும்போதும் இந்த அழுத்தம் உண்டு என்றாலும் அடுத்த எட்டில் அது தளர்ந்துவிடும், வண்டியிலோ மணிக்கணக்கில் தளர்வதில்லை. முழங்கால் முன்னால் போகும்போது கணைக்காலும் முன்னே சாய்வதால், பாதத்தைக் கிடையாக வைத்திருப்பதற்கே கணுக்கால் மேல்நோக்கி மடிய வேண்டியிருக்கிறது. மனிதக் கணுக்கால் கீழ்நோக்கி நாற்பது பாகைக்கும் மேல் வளையக்கூடியது, மேல்நோக்கியோ ஏறத்தாழ இருபது பாகைதான். அந்த இருபதில் பெரும்பகுதியை உட்கார்ந்த நிலையே தின்றுவிட்டால், கட்டைவிரலை லீவருக்கு அடியில் நுழைத்து மேலே தூக்குவதற்கு மிச்சமிருப்பது மிகச் சிறிது. ஜாவாவில் முதல் கியர் கீழே, மற்ற மூன்றும் மேலே. அதாவது வேகம் கூடும் ஒவ்வொரு கட்டத்திலும் நெடியவரின் கணுக்கால் தன்னால் இயலாத திசையில்தான் வேலை செய்ய வேண்டும்.

பாதத்தின் நீளமும் இதில் சேர்கிறது. உயரமானவர்களின் பாதமும் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். கால்தாங்கிக்கும் லீவரின் ரப்பர் முனைக்கும் இடையே உள்ள இடம் சராசரிப் பாதத்துக்கு அளவெடுத்து விடப்பட்டிருப்பதால், நீண்ட பாதத்தின் முன்பகுதி லீவரைக் கடந்து நீண்டுவிடுகிறது. அவர் கியர் மாற்ற வேண்டுமானால் பாதத்தைப் பின்னே இழுத்து, குதிகாலைக் கால்தாங்கியிலிருந்து நழுவவிட்டு, மாற்றிய பின் மறுபடி முன்னே தள்ள வேண்டும். மைசூரிலிருந்து பந்திப்பூர், மசினகுடி வழியாக உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் கியரை இறக்கி, வளைவு முடிந்ததும் ஏற்ற வேண்டிய அந்த ஏற்றத்தில், இத்தகைய சிறு நழுவல் எழுபது முறைக்கு மேல் நிகழ்கிறது என்றால் அதன் களைப்பை ஊகிப்பது கடினமன்று.

ஜாவாவின் தனித்தன்மை வேறொரு தொல்லையையும் சேர்க்கிறது. சாதாரண வண்டியில் கியர் லீவரின் மேல் பாதம் சும்மா சாய்ந்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஜாவாவிலோ லீவரின் முதல் அசைவே கிளட்சைத் திறப்பதால், இடமில்லாமல் லீவர்மீது சாய்ந்து ஓய்வெடுக்கும் ஒரு பாதம், ஓட்டுபவர் அறியாமலே கிளட்சை அரைகுறையாகத் திறந்துவைக்கிறது. விசை முழுமையாகச் சக்கரத்துக்குப் போகாமல் தட்டுகள் ஒன்றன்மீது ஒன்று உராய்ந்து வழுக்க, அவற்றில் பதித்திருக்கும் கார்க் தேய்ந்து கருகுகிறது. வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்கு வரும் ஜாவாவில் கிளட்ச் தட்டுகளை மாற்றுவதோடு நிறுத்தாமல், ஓட்டுபவரை வண்டியில் உட்காரவைத்து அவருடைய பாதம் எங்கே சாய்கிறது என்று பார்க்கும் மெக்கானிக்கே அந்த இயந்திரத்தை முழுமையாக அறிந்தவர். உடலின் வசதி வேறு, இயந்திரத்தின் ஆயுள் வேறு என்று பிரித்துப் பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி லீவரை நகர்த்தும் முறை. பெரும்பாலான வண்டிகளில் கியர் லீவர், எஞ்சினிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் ஒரு ஷாஃப்டின் மேல் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த ஷாஃப்டின் மேற்பரப்பில் நெடுக்குவாட்டில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்க, லீவரின் துளைக்குள்ளும் அதே பற்கள் எதிர்ப்பதிவாக இருக்கின்றன. லீவரின் பிளவுபட்ட கழுத்தை ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. போல்டைத் தளர்த்தி, லீவரை வெளியே இழுத்து, ஒரு பல் தள்ளி மீண்டும் மாட்டினால் அதன் கோணம் மாறும். எவ்வளவு மாறும் என்பது பற்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது: ஷாஃப்டில் 24 பற்கள் இருப்பதாகக் கொண்டால் ஒரு பல்லுக்கு 15 பாகை, லீவரின் நீளம் 12 செ.மீ. என்றால் அதன் முனை ஏறத்தாழ 3 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். மூன்று சென்டிமீட்டர் என்பது பாதத்தின் கணக்கில் பெரிய தாவல். ஒரு பல் போதாமலும் இரண்டு பல் மிகையாகவும் தோன்றும் நிலை இதனால்தான் வருகிறது. சில வண்டிகளில் அந்தப் போல்ட், ஷாஃப்டைச் சுற்றி வெட்டியிருக்கும் ஒரு பள்ளத்தின் வழியே செல்வதால், அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் கழற்றினால்தான் லீவர் வெளியே வரும். இது தெரியாமல் நெம்பி இழுப்பவர்கள் பற்களைச் சிதைத்துவிடுகிறார்கள். கழற்றுமுன் பழைய நிலையை ஷாஃப்டிலும் லீவரிலும் ஒரே கோடாகக் குறித்துக்கொள்வதும், மாட்டும்போது சுத்தியலால் அடிக்காமல் இருப்பதும் எளிய விதிகள். அடியின் அதிர்ச்சி உள்ளிருக்கும் எண்ணெய் அடைப்பையும் கியர் தேர்வு அமைப்பையும் சென்று தாக்கும்.

நெடியவருக்கு லீவரை ஏற்ற வேண்டுமா இறக்க வேண்டுமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. தடித்த காலணி அணிந்த பெரிய பாதம் அடியில் நுழைய இடம் வேண்டுமானால் ஏற்ற வேண்டும். ஆனால் ஏற்றிய லீவரைக் கீழே மிதிப்பதற்குப் பாதத்தை அதன் மேலே தூக்கியாக வேண்டும், அந்தத் தூக்கலுக்கான கணுக்கால் வளைவுதான் அவரிடம் குறைவாக இருக்கிறது. ஆகவே எந்த அசைவு அடிக்கடி தேவைப்படுகிறதோ அதற்குச் சாதகமாக வைத்து, மற்றதில் சிறிது சிரமத்தை ஏற்பதே வழி. ஜாவாவில் இதற்கும் ஒரு தடை உண்டு: கியருக்காகக் கோணத்தை மாற்றினால் அதே அளவு கிக்கரின் கோணமும் மாறி, உதை தொடங்கும் இடம் பிசகிவிடும். இரண்டு தனித்தனி லீவர்கள் கொண்ட எளிய வண்டி, அறிவுக்கூர்மையில் ஜாவாவுக்குப் பின்தங்கியதாக இருந்தாலும், ஓட்டுபவரின் காலுக்கு இணங்குவதில் அதைவிட முன்னிற்கிறது. மைசூர் வண்டியை நேசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்வதில் தயங்க வேண்டியதில்லை. இன்றைய விளையாட்டு வண்டிகளில் லீவரும் ஷாஃப்டும் ஓர் இணைப்புத் தண்டால் தொடர்புபட்டிருக்கின்றன. ஒரு முனையில் வலப்புரியும் மறுமுனையில் இடப்புரியும் கொண்ட அந்தத் தண்டைத் திருகினால், பல் தாவலுக்குப் பதிலாக மில்லிமீட்டர் அளவில் லீவரை நகர்த்த முடியும்.

வலப்பக்கத்துப் பிரேக் மிதியைப் பொறுத்தவரை நெடியவரின் தேவை ஐயத்துக்கு இடமின்றி ஒன்றுதான்: அது தாழ வேண்டும். மிதி உயரமாக இருந்தால், அதைத் தொடாமல் இருப்பதற்காக முன்பாதத்தை ஓயாமல் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். களைத்த பாதம் தன்னையறியாமல் மிதியில் தங்கிவிட, பிரேக் கட்டைகள் எந்நேரமும் உரசி, டிரம் சூடேறி, பின்விளக்கும் எரிந்துகொண்டே இருந்து பின்னால் வருபவரை ஏமாற்றுகிறது. இதைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் மிதி மேலெழும் எல்லையைக் குறிக்கும் தடுப்புப் போல்டைச் சரிசெய்து உயரத்தை நிறுவ வேண்டும்; அதன் பிறகே பின்சக்கரத்தருகே உள்ள நட்டைத் திருகி, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் மிதி வெறுமனே இறங்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியை அமைக்க வேண்டும்; கடைசியாக விளக்கின் சுவிட்ச். இந்த வரிசையை மாற்றிச் செய்தால், மிதி தாழும்போதே அந்த இடைவெளி தீர்ந்து, பிரேக் எந்நேரமும் உரசும்.

இந்தியாவில் இடம் வலம் என்பதுகூட நெடுங்காலம் உறுதியாக இருக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம். சென்னைத் திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட், பிரிட்டிஷ் மரபின்படி கியரை வலப்பக்கமும் பிரேக்கை இடப்பக்கமும் வைத்திருந்தது. மைசூர் ஜாவா அதற்கு நேர் எதிர். 1970களின் நடுவில் அமெரிக்கா இடப்பக்கக் கியரைக் கட்டாயமாக்கியபின் உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது, புல்லட்டும் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தது. எந்தப் பக்கம் என்பதைத் தரப்படுத்திய விதிகள், எவ்வளவு தொலைவில் என்பதை ஓட்டுபவருக்கு விட்டுவைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தொலைவையும் தயாரிப்பாளரே முடிவுசெய்துவிட்டார்.

1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற நூறு சி.சி. வண்டிகள் வந்து எஸ்டியின் சந்தையைக் கவரத் தொடங்கியபோது, அவற்றோடு பரவிய முன்பின் லீவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கால்தாங்கிக்கு முன்னே ஒரு முனையும் பின்னே ஒரு முனையும் கொண்ட இந்த லீவரில் கியரை ஒரு திசையில் முன்பாதத்தாலும் மறுதிசையில் குதிகாலாலும் மிதிக்கலாம். விரலால் தூக்க வேண்டியதில்லை. செருப்பணிந்து வண்டி ஓட்டும் நாட்டுக்கு இது மிகுந்த கரிசனத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு: செருப்பின் வார் தேய்வதில்லை, விரல் நோவதில்லை, பளபளப்பான காலணியில் கறுப்புத் தழும்பும் விழுவதில்லை. ஆனால் இரு முனைகளுக்கும் இடையே உள்ள நீளம் நிலையானது. அதற்குள் அடங்காத பாதத்துக்கு இந்தக் கரிசனமே பொறியாகிவிடுகிறது. குதிகால் பின்முனையில் முட்டி, எண்ணாத நேரத்தில் கியரை மாற்றுகிறது. பெரிய பாதம் கொண்டவர்கள் பின்முனையை அறுத்தெடுத்துவிடுவதோ ஒற்றைமுனை லீவரை வாங்கி மாட்டுவதோ பட்டறைகளில் வழக்கமான காட்சி.

ஒரு நாட்டின் உடல் அளவுகளைத் தொகுத்து, எந்த அளவுள்ளவர்வரை ஒரு பொருள் பொருந்த வேண்டும் என்று தீர்மானிக்கும் துறை இந்தியாவில் தாமதமாகவே வேரூன்றியது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து தேப்குமார் சக்ரவர்த்தியின் இந்திய உடலளவைத் தொகுப்பு வெளிவந்தது 1997இல்தான், அதாவது மைசூர் தொழிற்சாலை மூடப்பட்டதற்கு அடுத்த ஆண்டு. இத்தகைய தொகுப்புகள் மக்களை உயர வரிசையில் நிறுத்தி, நூற்றில் ஐந்தாவது இடத்திலிருந்து தொண்ணூற்றைந்தாவது இடம் வரையுள்ளவர்களுக்குப் பொருள் பொருந்தினால் போதும் என்று கொள்ளும் மரபுக்கு அடிப்படையாகின்றன. 1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 செ.மீ. என்றும், செக் ஆண்களின் சராசரி ஏறத்தாழ 180 செ.மீ. என்றும் 2016இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு கூறுகிறது. இதைக்கொண்டு மைசூர் ஜாவா நெடியவர்களுக்காக வரையப்பட்ட வண்டி என்று முடிவுகட்டிவிடக் கூடாது; பேராக் வரையப்பட்ட காலத்துச் செக் மக்கள் இன்றைய அளவுக்கு உயரமானவர்கள் அல்லர், மைசூர் ஜாவாவின் சக்கரமும் 16 அங்குலமே. எந்த நாட்டில் வரைந்தாலும் வரிசையின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் வெளியே விடப்படுகிறார்கள். நூற்றுக்கு ஐந்து என்பது விகிதத்தில் சிறிதாகத் தோன்றினாலும், ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் இரு சக்கர வாகனங்கள் விற்கும் நாட்டில் அது லட்சக்கணக்கான முழங்கால்கள்.

ஓட்டுபவர் தாமாகச் செய்துகொள்ளக்கூடிய மாற்றத்துக்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாகப் பதிவுச் சான்றிதழிலுள்ளவை மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. லீவரை ஒரு பல் நகர்த்துவதும் மிதியின் தடுப்புப் போல்டைத் திருகுவதும் தயாரிப்பாளரே அமைத்துத் தந்த வசதிகள் என்பதால் அவை திருத்தமாகா. கால்தாங்கியைத் தாங்கும் இரும்பை அறுத்துத் தாழ்த்தி வெல்டிங் செய்வது வேறு வகை. முழங்காலுக்கு அதைப்போல் விடுதலை தருவது எதுவுமில்லை என்றாலும், வளைவில் சாயும்போது தரையை முதலில் தொடுவது கால்தாங்கியே. அது தாழ்ந்தால் சாயக்கூடிய கோணம் குறையும், லீவரையும் மிதியையும் அதற்கேற்பத் தாழ்த்த வேண்டும், வெல்டிங்கின் வெப்பம் இரும்பின் வலுவைக் கெடுக்கவும் கூடும். தாங்கியைத் தாழ்த்துவதைவிட இருக்கையை மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர்த்தித் தைப்பது பாதுகாப்பானது. ஓர் இடைக்குறிப்பு: 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் அமர்பவருக்குப் பிடியும் கால்தாங்கியும், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி ஒரு தடுப்பும் கட்டாயம் என்கின்றன. புடவைக்கு வரும் ஆபத்தை எண்ணிப் பார்த்த விதி, நெடிய காலின் வலியையும் எண்ணிப் பார்க்கக்கூடியதே.

ஜாவா என்ற பெயர் 2018 நவம்பரில் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் திரும்பி வந்தது. வண்டி பிறப்பது இப்போது மைசூரில் அன்று, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். மூன்று வேலை செய்த பழைய லீவர் அதில் இல்லை, இருக்கையின் உயரம் 765 மி.மீ. மட்டுமே. பழைய உருவத்தின் அழகைக் காத்த அந்த வடிவமைப்பு, நெடியவரின் முழங்காலை அதே இடத்தில்தான் விட்டிருக்கிறது. மாறாக, 2023இல் வந்த புதிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் இருக்கையை 825இலிருந்து 845 மி.மீ. வரை உயர்த்திக்கொள்ள முடிகிறது. இருபது மில்லிமீட்டர் பெரிதல்ல. ஆனால் ஓட்டுபவர் யாரென்று தொழிற்சாலைக்குத் தெரியாது என்பதை அந்த வண்டி ஒப்புக்கொள்கிறது.

மைசூரில் வண்டித் தொழில் நின்றுவிடவில்லை. ஊருக்குத் தெற்கே கடகோளாவையொட்டி டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது; ஜாவாவையும் எஸ்டியையும் பிரித்துக் கோக்கத் தெரிந்த பட்டறைகள் நகரத்துக்குள் இன்னும் இருக்கின்றன. விற்பனைக்கூடத்தில் தரப்படும் விவரத்தாளில் எஞ்சினின் திறனும் இருக்கையின் உயரமும் அச்சாகின்றன. கால்தாங்கியிலிருந்து கியர் லீவரின் முனை வரையுள்ள தொலைவும், இருக்கையிலிருந்து கால்தாங்கி வரையுள்ள தொலைவும், மிதி எவ்வளவு இறங்கும் என்பதும் அச்சாவதில்லை. இந்த மூன்று எண்களையும் அச்சிடுவதற்கும், ஒரே வண்டிக்கு இரண்டு நீளங்களில் லீவரை உதிரிப்பாகப் பட்டியலில் சேர்ப்பதற்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. வண்டியை ஒப்படைக்கும் நாளில் வாங்குபவரை உட்காரவைத்து, ஸ்பானரோடு அருகில் அமர்ந்து, அவருடைய பாதத்தைப் பார்க்கக் கால்மணி நேரம் போதும்.